காலந்தாழ்ந்த காதல்: தோமஸ் ஹார்டியின் பிரிவுக் கவிதைகள்

ஆங்கிலக் காதற் கவிதை என்றதும், இளமங்கை ஒருத்தியின் எழிலைப் புகழும் பாட்டே பலருக்கும் நினைவில் எழும். ஆயினும் அம்மொழியில் ஏக்கத்தைப் பாடும் கவிதைகளுட் சிறந்தன சில, காதல் கைகூடுமுன் எழுந்தவை அல்ல. அது கைநழுவிய பின்னர் எழுந்தவை. தோமஸ் ஹார்டி தமது 72ஆம் வயதிற் பாடத் தொடங்கிய ‘1912–13ஆம் ஆண்டுக் கவிதைகள்’ இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை உணர விரும்புவோர், கவிஞர் யாரை எண்ணி ஏங்குகின்றார் என்று கேட்பதோடு அமையாது, எத்துணைக் காலந்தாழ்த்து ஏங்குகின்றார் என்றும் கேட்டல் வேண்டும்.

1870ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கட்டடக் கலைஞராயிருந்த ஹார்டி, பழைய தேவாலயம் ஒன்றின் திருத்தவேலை குறித்துக் கோண்வால் பகுதியிலுள்ள சென் ஜூலியற் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கே குருமனையில் அவரை வரவேற்றவர் குருவின் மைத்துனியாகிய எம்மா கிபோட். கடலோரக் குன்றுகளிற் குதிரையேறித் திரிந்த அம்மங்கையிடம் அவர் மனம் சென்றது. 1874இல் இருவரும் மணம் புரிந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்களிடையே மனவேறுபாடு வளர்ந்தது. ஈற்றில் எம்மா வீட்டின் மேன்மாடத்துச் சிற்றறைகளில் ஒதுங்கி வாழ்ந்தார். ஒரே கூரையின்கீழ் இருந்தும் அவர்கள் பிரிந்தோரே ஆயினர்.

1912 நவம்பர் 27ஆம் நாள் எம்மா மறைந்தார். அதன்பின்னரே பழைய காதல் விழித்தெழுந்தது. எம்மா எழுதிவைத்திருந்த இளமை நினைவுகளைப் படித்த ஹார்டி, மறு ஆண்டு மார்ச்சில், இருவரும் முதலிற் கண்ட இடங்களைத் தேடிக் கோண்வால் சென்றார். இக்கவிதைகள் 1914இல் நூலாக வெளிவந்தன.

தொகுதியின் முதற்கவிதை, சொல்லாமற் சென்றுவிட்ட மனைவியைக் கடிந்துகொள்வது போலத் தொடங்குகின்றது. ஆனால், வாழ்ந்த நாளிற் பழைய இன்பத்தைப் பற்றி இருவரும் ஏன் பேசாதிருந்தோம் என்ற வினா இடையிலே எழும்போது, கடிதல் கவிஞர்மீதே திரும்புகின்றது.

‘குரல்’ என்னும் கவிதை இன்னும் நுட்பமானது. இறந்தவர் அழைப்பது கவிஞர் செவியிற் கேட்கின்றது. தாம் பின்னாளில் மாறியிருந்த நிலையில் அல்லாது, முதல்நாளில் இருந்தவாறே இப்போது இருப்பதாக அக்குரல் கூறுகின்றது. மாறிய ஆண்டுகள் அனைத்தையும் தாண்டித் தொடக்கத்திற்குச் செல்ல விரும்பும் உள்ளமே இங்குப் பேசுகின்றது. உடனே ஐயம் எழுகின்றது: அது குரலா, ஈரப்புல்வெளியில் வீசும் காற்றா? முதல் மூன்று பாடற்பகுதிகளும் அலைபோல் நீண்டு அசைந்து செல்லும் ஓசையுடையன. இறுதிப் பகுதியில் அடிகள் குறுகி, ஓசை தடுமாறுகின்றது. உதிரும் இலைகளிடையே தள்ளாடி நடக்கும் முதியவரின் நடையையே அவ்வோசை காட்டுகின்றது. ஆதலின் இதனை வாய்விட்டுப் படித்தாலன்றி முழுப்பொருளும் விளங்காது.

மற்றொரு கவிதையிற் கவிஞர் மழைத்தூறலிடையே குன்றுப்பாதையைத் திரும்பிப் பார்க்கின்றார். வண்டிக் குதிரையின் சுமையைக் குறைக்க இறங்கி, இளையோராய் இருவரும் நடந்த பாதை அது. ஊழிகளைக் கண்ட பாறைகள், தமக்கு உணர்த்துவது அவ்விருவர் நடந்து சென்றதையே என்கின்றார் அவர்.

இக்கவிதைகளில் ஹார்டி தம்மை நியாயப்படுத்த முற்படவில்லை. மன்னிக்க வேண்டியவர் மறைந்துவிட்டமையால், ஏக்கமும் குற்றவுணர்வும் ஒன்றாகின்றன.

1928இல் ஹார்டி காலமானார். எம்மாவின் அருகே அடங்குதலே அவர் விருப்பம். நாட்டின் மதிப்பிற்குரிய கவிஞர் என்பதால் அவரது உடற்சாம்பல் வெஸ்ற்மினிஸ்ரர் ஆலயத்தில் வைக்கப்பட்டது. இதயம் மட்டும் தனியே எடுக்கப்பட்டு, ஸ்ரின்ஸ்போட் என்னும் சிற்றூரில் எம்மாவின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.