ஆற்றை அளக்க வந்த குதிரைகள்

ராஜாவுக்கு ராஜா பரிசு அனுப்புவது உலக வழக்கம். ஆனால் 1831-ல் இங்கிலாந்து மன்னர் நான்காம் வில்லியத்தின் பெயரால் லாகூர் மகாராஜா ரஞ்சித் சிங்குக்கு வந்த பரிசு இருக்கிறதே, அது விசேஷமானது! ஐந்து ராட்சதக் குதிரைகள். அவற்றின் ஒற்றை லாடம், நம் தேசத்துக் குதிரையின் நாலு லாடங்களின் எடை இருந்ததாம். போதாக்குறைக்குப் பம்பாயில் ஒரு பெரிய கோச்சு வண்டியையும் சேர்த்துக் கட்டினார்கள்.

எதற்கு இத்தனை பெரிய பரிசு என்கிறீர்களா? 'இவ்வளவு பெரிய குதிரைகளையும் வண்டியையும் தரை மார்க்கமாகக் கொண்டுபோக முடியாது. சிந்து நதி வழியாகப் படகில்தான் போகவேண்டும்' என்று சொல்வதற்குத்தான்!

அந்த நதியில் நீராவிக் கப்பல் ஓடுமா என்று அறிய லண்டனில் எல்லன்பரோ பிரபு துடித்துக்கொண்டிருந்தார். மத்திய ஆசியாவில் ருஷ்யாவை முந்த வேண்டும் என்பது அவர் எண்ணம். நதியோ சிந்து தேசத்து அமீர்களுடையது. கேட்டால் விடுவார்களா? ஆகவேதான் இந்தக் குதிரை வேஷம். கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலின் ஆலோசனை சபையிலிருந்த மெட்காப் துரை, 'இது வெறும் தந்திரம், நமக்குத் தகாது' என்ற கருத்தில் 1830-லேயே ஆட்சேபித்தார். யார் கேட்டார்கள்?

பொறுப்பை ஏற்றவர் பம்பாய்ப் படையைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் பர்ன்ஸ் என்ற இளம் லெப்டினென்ட். அமீர்களுக்குச் சந்தேகம்தான், இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். பிறகு, ரஞ்சித் சிங்கைப் பகைத்துக்கொள்ள அஞ்சி வழிவிட்டார்கள். படகுகள் மெல்ல மெல்ல நகர்ந்தன. ஆற்றின் ஆழமென்ன, அகலமென்ன, நீரோட்டத்தின் வேகமென்ன, எங்கே மணல் திட்டு — எல்லாம் பர்ன்ஸின் குறிப்பில் ஏறின. கரையில் நின்ற ஒரு சையது, ஆங்கிலேயர் ஆற்றைப் பார்த்துவிட்டார்கள், இனிச் சிந்து தேசம் போனதுதான் என்று வருந்தினாராம். இதை எழுதி வைத்தவரும் பர்ன்ஸேதான்!

1832-ல் அமீர்களுடன் உடன்படிக்கை ஆயிற்று. வியாபாரப் படகு போகலாம், யுத்த தளவாடம் கூடாது, ஒருவர் மண்ணுக்கு ஒருவர் ஆசைப்படுவதில்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஏழு வருஷம்கூட ஆகவில்லை. ஆப்கானிஸ்தானத்தின்மேல் படையெடுத்த கும்பினிப் பட்டாளம் சிந்து தேசத்துக்குள்ளேயே நடந்து போயிற்று. அந்த ஆப்கன் விவகாரத்திலேயே, 1841 நவம்பரில், காபூலில் பர்ன்ஸ் வெட்டுண்டு மாண்டார்.

1843-ல் மியானி யுத்தத்தில் நேப்பியர் ஜெயித்து, சிந்து தேசத்தைக் கும்பினி விழுங்கியது. அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரல் யார் தெரியுமா? நதியை அளக்கச் சொன்ன அதே எல்லன்பரோ பிரபு!

நீராவிப் படகுகள் என்ன ஆயின? ஓடத்தான் ஓடின. ஆனால் சிந்து நதி லேசில் வசப்படுமா? இந்த வருஷம் ஆழமாயிருந்த இடம் அடுத்த வருஷம் மணல் மேடு. 1878-ல் சிந்துப் பள்ளத்தாக்கு ரயில் பாதை முடிந்ததும் படகுகளுக்கு வேலை போயிற்று. அளந்த ஆறு அவர்களுக்கு வெகு காலம் உதவவில்லை. அளக்க வந்த சாக்கில் பிடித்த நாடு மட்டும் 1947 வரை அவர்கள் கையில் இருந்தது.