கம்பி ஏன் சுடுகிறது?

நீரைப் பகுத்து ஹைட்ரஜன் எடுத்துக் காட்டும் சோதனையைப் பள்ளிக் கண்காட்சிக்கென வீட்டிலேயே செய்து பார்க்கும் பிள்ளைகள் பெங்களூரில் பலர். கம்பிகளும் கவ்விகளும் எஸ்.பி. சாலைக் கடைகளில் எளிதிற் கிடைக்கின்றன. சலவைச் சோடா கரைத்த நீர், இரண்டு தகடுகள், 12 வோல்ட் பாட்டரி ஒன்று, இவ்வளவே கருவி. குமிழிகள் எழுகின்றன, பிள்ளை மகிழ்கிறான். சற்று நேரத்தில் கம்பி சுடுகிறது. அதன் மேலுறை இளகி நாறுகிறது. "12 வோல்ட்தானே, இதனால் என்ன தீங்கு?" என்று பெற்றோர் வாளா இருந்துவிடுவதுண்டு. அவ்வெண்ணம் எங்கே பிழைபடுகிறது என்பதைக் காண்போம்.

கம்பியைச் சூடாக்குவது அதில் ஓடும் மின்னோட்டமே என்பதை 1841ஆம் ஆண்டில் ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் அளந்து காட்டினார். ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்காகும். 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் விளக்கின் கம்பியில் ஓடுவது அரை ஆம்பியருக்கும் குறைவு. நீர்ப்பகுப்புக் கருவியோ 12 வோல்ட்டிலேயே 10 ஆம்பியரை இழுக்கக்கூடும். ஆகவே, விளக்குக்கு இட்ட கம்பியையே இதற்கும் இட்டால், அதில் பிறக்கும் வெப்பம் ஐந்நூறு மடங்கையும் தாண்டுகிறது.

இவ்வுண்மையை நம் காவிரியே பெரிய அளவில் விளக்கியிருக்கிறது. சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம், 1902இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலை அடைந்தது. தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்த வயல் அது. 1905இல் பெங்களூர்த் தெருக்களும் அம்மின்சாரத்தால் ஒளி பெற்றன. அத்துணைத் தொலைவுக்கு அதனைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி அனுப்பியது ஏன்? அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே ஆற்றலைப் பத்தில் ஒரு பங்கு ஓட்டமே சுமந்து செல்லும். வழியில் வெப்பமாய் வீணாவது நூறில் ஒரு பங்காகும். குறைந்த வோல்ட்டில் மிகுந்த ஓட்டம் செலுத்தும் நம் கருவியோ இதற்கு நேர்மாறானது.

கணக்கிட்டும் பார்க்கலாம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்புக் கம்பியில், ஒரு மீட்டருக்கு மின்தடை ஏறத்தாழ 0.017 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 1.7 வாட் வெப்பம் பிறக்கும். கம்பி இதனைத் தாங்கும். கம்பியின் குறுக்களவு அதில் ஐந்தில் ஒரு பங்கானால், வெப்பம் 8.5 வாட்டுக்கும் மேல் ஆகும். இணைப்பு தளர்ந்தோ பாசி பிடித்தோ இருந்தால் நிலைமை இன்னும் கேடு. கவ்வியின் முனையில் 0.1 ஓம் தடை இருந்தாலும் அவ்வொரு புள்ளியிலேயே 10 வாட் குவியும். முதலில் கருகுவது பெரும்பாலும் அவ்விடமே.

ஓட்டம் நின்றபடி நிற்பதுமில்லை. சோடா மிகுந்தாலும், தகடுகள் நெருங்கினாலும் ஓட்டம் ஏறும். கரைசல் சூடேறினால் அதன் தடை குறையும். ஓட்டம் மேலும் ஏறும். சூடும் மேலும் ஏறும். நீரைப் பகுக்க 2 வோல்ட் அளவே போதுமாதலின், ஒரே குவளைக்கு 12 வோல்ட் கொடுத்தால் எஞ்சியதில் பெரும்பகுதி வெறும் வெப்பமாகவே கழியும்.

சுடும் கம்பிக்கு அருகிலேயே ஹைட்ரஜன் எழுகிறது என்பதுதான் இங்குள்ள பேரபாயம். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே அது தீப்பற்றும். இரு வாயுக்களையும் ஒரே மூடிய பாத்திரத்தில் சேர்த்தால், ஒரு சிறு பொறி அப்பாத்திரத்தை வெடிக்கச் செய்யும்.

ஆதலின், கார் பாட்டரியை விடுத்து, ஒன்பது வோல்ட் உலர் பாட்டரி ஒன்றைக் கொள்க. வீட்டு மின்சாரத்தில் நேரே இணைத்தல் கூடவே கூடாது. கம்பி தடித்ததாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். பாட்டரியின் அருகே ஒரு ஆம்பியர் ஃபியூஸ் அமைக்க. சுவிட்சைக் குவளைக்கு எட்ட வைத்து, அதனாலேயே ஓட்டத்தை நிறுத்துக. குவளையருகே கவ்வியைப் பிடுங்கினால் பொறி எழும். சோற்றுப்பு இட்டால் நச்சுக் குளோரின் வரும். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டிலிருந்து நச்சுக் குரோமியம் நீரில் இறங்கக்கூடும். பென்சிலின் கரிக்கோல்களே போதும். சன்னல்களைத் திறந்து வைக்க. அருகே தீ வேண்டா.

அரை ஆம்பியர் பத்து நிமிடம் ஓடினாலே 30 மில்லிலிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் கிட்டும். சோதனைக்குழாய் ஒன்றை நிரப்ப அது போதும். கண்காட்சிக்கும் அது போதும். குமிழிகள் பெருக வேண்டுமென்று பிள்ளை மேலும் சோடாவை அள்ளும் வேளையில், பெரியவர் ஒருவர் அருகிருப்பது நன்று.