ஓசிப் பாட்டின் கணக்கு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி மலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பமாகின்றன. மேலே ஏற ஏற மொபைல் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். செயலியில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த கார்கள் பாதி வரியில் வாயடைத்துப் போகும். பென் டிரைவ் செருகிய வண்டியில் மட்டும் பாட்டு நிற்காது. அந்தப் பென் டிரைவில் உள்ள நூற்றுக்கணக்கான பாட்டில் எத்தனை காசு கொடுத்து வாங்கியவை என்று டிரைவரிடம் கேட்டால் சிரிப்புதான் பதிலாக வரும். கேட்கிறவருடைய வண்டியிலும் அதே கதைதானே.

இந்தக் கதைக்குப் பொருத்தமான ஊர் திருவனந்தபுரம். பாட்டையும் படத்தையும் திருட்டுத்தனமாகப் பகிர்கிறவர்களைத் துரத்தும் கேரளக் காவல்துறையின் தனிப்பிரிவு இங்கேதான் இருக்கிறது. பகிர்ந்துகொள்வதே அறம் என்று சொல்லும் ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலையில் வந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்ததும் இதே ஊரில்தான். அதே ஜூலை மாதம் அமெரிக்காவில் நாப்ஸ்டர் முடங்கியது. ஷான் ஃபானிங் என்ற இளைஞர் 1999-ல் எழுதிய அந்த மென்பொருளால், ஒருவர் கணினியில் இருந்த எம்பி3 பாட்டை முன்பின் தெரியாத இன்னொருவர் நேராக எடுத்துக்கொள்ள முடிந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கட்டற்ற மென்பொருளை எழுதியவரே 'எடுத்துக்கொள்' என்று அனுமதி கொடுக்கிறார். நாப்ஸ்டரில் பாட்டைப் போட்டவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இணையம் வந்த பிறகுதான் ஓசிப் பாட்டு வந்தது என்று நினைப்பது தவறு. 1980-களின் தமிழ்நாட்டில் சிறு நகரங்களில்கூட 'ரெக்கார்டிங் சென்டர்' இருந்தது. வெள்ளைத் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால், இரண்டொரு நாளில் கேசட் ரெடி. கம்பெனி கேசட்டில் ஒரு படத்துப் பாட்டு மட்டும் இருக்கும். பிடிக்காததையும் சேர்த்து வாங்க வேண்டும். ரெக்கார்டிங் சென்டர் கேசட்டில் கேட்பவர் விரும்பிய வரிசை இருக்கும். இன்றைய செயலிகள் 'பிளேலிஸ்ட்' என்று விற்பதை அந்தக் கடைக்காரர் அன்றே செய்துவிட்டார். இளையராஜாவின் பாட்டு குக்கிராம டீக்கடை வரை போனதில் அவருக்கும் பங்கு உண்டு. அந்த நகலில் இளையராஜாவுக்குத்தான் பைசா போகவில்லை.

கேரளத்தில் அதே காலத்தில், 1980-ல், யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி ஸ்டூடியோவைத் தொடங்கினார். அதுவரை மலையாளப் பாட்டுப் பதிவு என்றால் பெரும்பாலும் சென்னைக்குத்தான் ரயில் ஏற வேண்டியிருந்தது. பாடகரே கம்பெனி நடத்தியது அன்று அபூர்வம். தரங்கிணியின் ஓணப் பாட்டு கேசட் வராத ஆண்டு ஓணமாகவே தோன்றாது என்று சொல்லும் தலைமுறை இன்னும் இருக்கிறது. பிறகு சிடி வந்தது. எம்பி3 வந்ததும் நூறு, நூற்றைம்பது பாட்டு ஒரே வட்டில் அடங்கியது. சென்னைக்கு பர்மா பஜார் போல, திருவனந்தபுரத்துக்குக் கடலோர பீமாப்பள்ளி. தர்காவுக்குப் புகழ்பெற்ற அந்த ஊரின் கடைகளில் நகல் சிடி, டிவிடி வாங்கக் கல்லூரி மாணவர்கள் மட்டுமல்ல, சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு வந்த ரசிகர்களும் போனார்கள். முறையான கடைகளில் கிடைக்கவே கிடைக்காத ஐரோப்பிய, ஈரானியப் படங்கள் அங்கே கிடைத்தன. போலீஸ் ரெய்டு நடக்கும். சில நாள் கழித்துக் கடை திறக்கும்.

எல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்ட ஆண்டு 2012.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. 2011 நவம்பரில் '3' படத்துக்காக அனிருத் இசையமைத்து தனுஷ் பாடிய 'கொலவெறி' பாட்டின் ஒரு வடிவம் இணையத்தில் கசிந்தது. படக்குழுவினர் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. சோனி மியூசிக் நவம்பர் 16 அன்று ஸ்டூடியோக் காட்சிகளோடு முறையான பதிவை யூடியூபில் இலவசமாக வெளியிட்டது. சில வாரங்களில் அந்தப் பாட்டு உலகத்தைச் சுற்றி வந்தது. திருட்டு நகலை வெல்ல, அதைவிட நல்ல நகலைத் தானே இலவசமாகக் கொடுப்பதுதான் வழி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தமிழில் இல்லை.

அதே '3' படத்தின் தயாரிப்புத் தரப்பு, அடுத்த ஆண்டு மார்ச்சில் படம் வெளியாகும் நேரத்தில், சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. திருட்டு நகல் போடப்போகிறவர் யாரென்றே தெரியாத நிலையில், 'அசோக் குமார்' என்ற கற்பனைப் பெயரை எதிர்த்தரப்பாக வைத்துத் தடை வாங்கும் முறை அது. ஆணையைக் கையில் வாங்கிய இணையச் சேவை நிறுவனங்கள் மே மாதத்தில் பைரேட் பே, டொரண்ட்ஸ் போன்றவற்றோடு விமியோ, டெய்லிமோஷன் தளங்களையும் முழுசாக மூடின. கல்யாண வீடியோவை விமியோவில் போட்டவர்களும் பாதிக்கப்பட்டார்கள். இதை எதிர்த்து ஜூன் 9 அன்று பல இந்திய நகரங்களில் இளைஞர்கள் முகமூடி அணிந்து தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 22-ல் நீதிமன்றமே விளக்கம் தந்தது: குறிப்பிட்ட பக்கத்தின் முகவரியைச் சொல்லி அதை மட்டும் தடுக்கலாம், தளம் முழுவதையும் மூடக் கூடாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய அந்த ஏற்பாடு இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. அதற்கு முன்பே, அந்த ஆண்டின் தொடக்கத்தில், இசை நிறுவனங்களின் வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் 104 பாட்டுத் தளங்களைத் தடுக்கச் சொல்லியிருந்தது. தளங்கள் பெயரின் வாலை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தன.

கேரளத்தில் அந்தச் செப்டம்பரில் நடந்தது இன்னும் பெரிய செய்தி. அமல் நீரத் இயக்கிய 'பேச்சிலர் பார்ட்டி' படத்தை இணையத்தில் ஏற்றிய, இறக்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மீது தனிப்பிரிவு வழக்குப் பதிந்தது. கொச்சி நிறுவனம் ஒன்றின் மென்பொருள், பகிர்ந்தவர்களின் இணைய முகவரிகளைப் பிடித்துக் கொடுத்திருந்தது. படம் பார்க்க ஆசைப்பட்ட சாதாரண ஆட்கள் வழக்கில் சிக்கினார்கள் என்பதே கேரளம் முழுக்கப் பேச்சானது.

அமெரிக்காவில் இதை முன்பே செய்து பார்த்துவிட்டார்கள். 2003 செப்டம்பரில் அங்குள்ள இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் ஒரே நாளில் 261 பேர் மீது வழக்குப் போட்டது. நியூயார்க்கில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியும் சிக்கினாள். குடும்பம் 2,000 டாலர் கட்டி விடுபட்டது. சங்கத்துக்குப் பணத்தைவிடக் கெட்ட பெயர்தான் அதிகம் கிடைத்தது. 2008 இறுதியில் அந்த வழக்குப் படலத்தை அவர்களே கைவிட்டார்கள். இடையில் விற்பனை சரிந்துகொண்டேதான் இருந்தது: 1999-ல் 1,460 கோடி டாலராக இருந்த அமெரிக்க இசைப்பதிவு வருமானம், 2014-ல் பாதிக்கும் கீழே போனது.

கேரளத் தனிப்பிரிவு பிடித்தவர்கள் எல்லோரும் வெளியாட்களும் அல்ல. 2015-ல் 'பிரேமம்' படம் தணிக்கைக்கு அனுப்பிய பிரதியிலிருந்து கசிந்தபோது, தணிக்கை வாரியத்தின் தற்காலிக ஊழியர்களே கைதானார்கள். பூட்டு போட வேண்டிய இடம் ரசிகனின் கணினி அல்ல என்று அப்போதாவது புரிந்திருக்க வேண்டும்.

2012-ல் நடந்தவற்றில் உண்மையிலேயே பெரிய விஷயம் டெல்லியில், அதிகச் சத்தமில்லாமல் நடந்தது. அதைச் சொல்ல 1977-க்குப் போக வேண்டும். சினிமாப் பாட்டு யாருடையது என்ற வழக்கில், பணம் கொடுத்து இசையமைக்கச் செய்த தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு சொன்னது. தீர்ப்பை ஏற்றுக்கொண்ட நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர், பின்குறிப்பு ஒன்றைத் தனியாக எழுதினார்: பாட்டுக்கு உயிர் கொடுக்கும் பாடகருக்குச் சட்டத்தில் இடமே இல்லையே, இதை நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும். 1957-ல் திருவனந்தபுரத்தில் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தவர் அவர். பாடுகிறவருக்கான உரிமை 1994-ல்தான் சட்டத்தில் ஏறியது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் மேலும் 18 ஆண்டு காத்திருந்தார்கள். பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் வாதாடிய சட்டத் திருத்தம், 2012 ஜூன் 21-ல் நடைமுறைக்கு வந்தது. எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினாலும், திரையரங்குக்கு வெளியே பாட்டு ஒலிக்கும்போது வரும் ராயல்டியில் எழுதியவர், இசையமைத்தவர் பங்கை இனி எழுதி வாங்க முடியாது. ரெக்கார்டிங் சென்டர் மட்டுமல்ல, நேர்மையாக கேசட் விற்ற கம்பெனிகளில் பலவும் அதுவரை அவர்களுக்குத் தொடர்ந்து பங்கு கொடுத்ததில்லை.

பழைய பாட்டுகளின் கணக்கு அதனால் தீர்ந்துவிடவில்லை. 2017 மார்ச்சில் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பி.க்கும், திருவனந்தபுரத்துக்காரரான சித்ராவுக்கும் தன் பாட்டுகளைப் பாடியதற்காக இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. 2024-ல் மலையாள 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' படப் பாட்டு ஒலித்ததற்கும் நோட்டீஸ். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். பாட்டு ஒருவருடையது, பதிவு இன்னொருவருடையது என்ற சாதாரண வித்தியாசம் இத்தனை ஆண்டு யாருக்கும் சொல்லித் தரப்படவில்லை.

ஓசிப் பாட்டை உண்மையில் ஒடுக்கியது எது? 2016 செப்டம்பரில் வந்த ஜியோவின் மலிவு டேட்டா பெரிய காரணம். தேடி, இறக்கி, வைரஸ் வாங்கிக் கட்டிக்கொள்வதைவிட யூடியூபைத் தட்டுவது சுலபமாகிவிட்டது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. மலிவு கேசட்டால் வளர்ந்து, பெரிய கம்பெனிகளின் வயிற்றெரிச்சலை வாங்கிக்கொண்ட டி-சீரிஸ், அதே ஆண்டில் யூடியூபிலேயே அதிகச் சந்தாதாரர் கொண்ட சேனலானது. ஆனால் இந்த ஏற்பாடும் நிரந்தரம் என்று நம்ப முடியாது. பாட்டுச் செயலிகளில் கானா 2022-ல் இலவசச் சேவையை நிறுத்தியது. விங்க் 2024-ல் கடையைக் கட்டியது. ஓசியில் கேட்டுப் பழகியவரிடம் மாதச் சந்தா வாங்குவது இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பணம் ஓரளவு முறைப்பட்டிருக்கிறது, பெயர் முறைப்படவில்லை. பழைய கேசட் அட்டையில் பாடலாசிரியர் பெயர் இருக்கும். செயலியில் நடிகர் படம் இருக்கும், பாடகர் பெயர் இருக்கும். எழுதியவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், பல பாட்டில் தேடினாலும் கிடைக்காது. இதற்காகவே 2020-ல் இந்திப் பாடலாசிரியர்கள் சேர்ந்து 'கிரெடிட் தே தோ யார்' என்று ஒரு பாட்டே போட்டார்கள். பெயர் சரியாகப் பதிவாகாவிட்டால் ராயல்டியும் சரியாகப் போய்ச் சேராது. இன்று கேட்கும் பாட்டுக்குக் கீழே எழுதியவர் பெயர் இல்லை என்றால், அந்தச் செயலியின் புகார்ப் பெட்டியில் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அதற்குக் காசு ஆகாது.