பரங்கி இலை பழுத்தால்...

ஆடியில் ஊன்றிய பரங்கி விதை, புரட்டாசிக்குள் கொல்லையெல்லாம் ஓடி, துணி துவைக்கும் கல்லையும் மூடிவிடுகிறது. எலுமிச்சங்காய் அளவில் முதல் பிஞ்சைப் பார்த்ததும் நமக்குத் தலைகால் புரிவதில்லை. "இந்தப் பொங்கலுக்குக் கடையில் பரங்கிக்காய் வாங்க வேண்டாம்" என்று கணக்குப் போட ஆரம்பித்து விடுகிறோம். அந்த நேரம் பார்த்துத்தான் ஒருநாள் காலையில் இலை மஞ்சளாகத் தெரியும். அடுத்த வீட்டில் கேட்டால், "யூரியா போடுங்க, சரியாப் போயிடும்" என்பார்கள். நாமும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டு விடுவோம்.

நானும் போட்டேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

குழந்தை அழுதால் எடுத்த எடுப்பில் மருந்தைப் புகட்டுகிறோமா? பசியா, வயிற்று வலியா, எறும்பு கடித்ததா என்று பார்க்கிறோம் அல்லவா? கொடிக்கும் அதே பொறுமை வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது, மஞ்சளானது வேர்ப்பக்கத்து முதிர்ந்த இலையா, நுனியில் விட்ட இளம் இலையா என்பதுதான்.

காய் முற்றும் சமயத்தில் அடியில் இரண்டொரு இலை பழுத்தால் அது வயசு. கிள்ளி எறிந்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஆனால் காய்ப்பதற்கு முன்பே அடியிலைகள் வரிசையாக வெளிறி, கொடி முழுவதும் சோகை பிடித்தது போல இருந்தால் தழைச்சத்து போதவில்லை. தன் பங்குச் சாப்பாட்டைப் பிள்ளைக்கு எடுத்து வைக்கிற தாய் மாதிரி, செடியும் பழைய இலையிலிருந்து சத்தை உருவிப் புது இலைக்கு அனுப்புகிறது. அதனால்தான் அடியிலை முதலில் வாடுகிறது. இதற்கு மக்கின சாணி எரு போடலாம். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, நிறையத் தண்ணீர் கலந்தும் ஊற்றலாம்.

அடியிலையில் நரம்பு பச்சையாக இருந்து, நடுவில் மட்டும் மஞ்சளித்தால் மக்னீசியம் குறைவு. மணல்பாங்கான இடத்தில், நல்ல மழைக்குப் பிறகு இது வரும். மருந்துக் கடையில் கிடைக்கும் பேதியுப்பை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து இலையில் தெளித்தால் போதும். அடியிலையின் ஓரம் மட்டும் மஞ்சளாகிக் கருகினால் சாம்பல் சத்துக் குறைவாக இருக்கலாம். அடுப்புச் சாம்பல் ஒரு பிடி தூவலாம்.

இதே நரம்புப் பச்சை நுனி இலையில் தெரிந்தால் விஷயமே வேறு. அது இரும்புச்சத்துக் குறைவு. வீடு கட்டியபோது கொல்லையில் கொட்டிய சுண்ணாம்பும் காரையும் மண்ணுக்குள் கிடந்தால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அங்கே சாம்பலைப் போட்டால் இன்னும் மோசமாகும்! அன்னபேதியை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, நாலு சொட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து, சாயங்காலத்தில் தெளியுங்கள்.

சத்து எதுவும் கொடுக்கும் முன் விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். சொதசொதவென்றிருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. அப்போது தண்ணீரை நிறுத்துவதே வைத்தியம். உச்சிவெயிலில் பரங்கி இலை துவளுவது சகஜம். அதைப் பார்த்துக் குடம் குடமாக ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். சாயங்காலமும் நிமிராவிட்டால் மட்டும் கவலைப்படுங்கள்.

இலையில் நரம்புக்கு நரம்பு கட்டம் போட்ட மாதிரி மஞ்சள் புள்ளிகள் இருந்து, பனிக்காலக் காலையில் இலையின் அடியில் சாம்பல் நிறப் பூஞ்சை தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். அந்த இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் வேரில் ஊற்றுங்கள். முகப் பவுடர் கொட்டினாற்போல் வெள்ளையாக இருந்தால் மேல்சாம்பல். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்தால் ஆரம்பத்தில் கட்டுப்படும். கந்தகத் தூள் மட்டும் வேண்டாம், பரங்கி இலை கருகிவிடும். இன்னொன்று: சில ரகங்களுக்குப் பிறவியிலேயே இலையில் வெள்ளி நிறத் திட்டுகள் உண்டு. விரலால் துடைத்துப் பாருங்கள், ஒட்டாவிட்டால் நோயல்ல.

இனி என் கதை. என் கொடியின் நுனி இலைகளில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து, இலை சுருங்கிச் சிறுத்து வந்தது. யூரியா போட்டேன். தளதளவென்று தளிர் விட்டது, தளிரெல்லாம் அதே கோலம். இலையைத் தட்டினால் சாம்பல் பறக்கிற மாதிரி வெள்ளை ஈக்கள் பறந்தன. அது தேமல் நோய். வைரஸால் வருவது, மருந்தே கிடையாது. வெள்ளை ஈயும் அசுவினியும் செடிக்குச் செடி கொண்டுபோகும். தெரிந்த பிறகும், பிஞ்சு இருக்கிறதே என்று பிடுங்க மனசு வரவில்லை. பத்துப் பதினைந்து நாளில் வேலிக்கு அந்தப் பக்கம் மாமியின் கொடியிலும் அதே மஞ்சள். பரங்கிக்காயைத் தெருவில் விற்றுப் பேரனுக்கு நோட்டுப் புத்தகம் வாங்குகிறவர் மாமி. "உன் கொடியிலேர்ந்துதான் வந்ததா?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

தேமல் கண்ட கொடியை அன்றே வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், குப்பைக் குழியில் போடாதீர்கள். மற்ற கொடிகளுக்குக் காவலாக, பழைய தகர டப்பாவுக்கு மஞ்சள் வர்ணம் அடித்து, விளக்கெண்ணெய் தடவிக் கொடி உயரத்தில் கட்டினால் வெள்ளை ஈ வந்து ஒட்டிக் கொள்ளும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்பு கலந்து இலையின் அடிப்பக்கத்தில் தெளிக்கலாம். ஆனால் சாயங்காலத்தில்தான். காலையில் பூ விரிந்திருக்கும், தேனீ வரும்; தேனீ வராவிட்டால் பிஞ்சு பிடிக்காது.

பிடுங்கிய கொடியில் முற்றிய காய் இருந்தால் தாராளமாகச் சமைக்கலாம். செடியின் வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது. காய் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், அவ்வளவுதான். விதையை மட்டும் அடுத்த ஆடிக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.