கூலி கேளாத வேட்டைக்காரி

மிளகாய்த் தோட்டத்தில் களை பிடுங்கும்போது, பாத்தியோர மணலில் நூல் போன்ற இடையுடைய குளவியொன்று முன்கால்களால் மணலை வாரிப் பின்னே எறிவதைக் கண்டிருப்பீர்கள். கொட்டிவிடும் என்று பயந்து மண்வெட்டியால் அடிப்பவர்களும் உண்டு. அது தன் குஞ்சுக்கு உணவு சேர்க்கும் தாய்க் குளவி.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இப்பகுதிக்கு வந்தவர்களில் பலர் வயலும் குளமும் கண்டு வளர்ந்த விவசாயிகள். நுரைச்சோலையின் மணல் அவர்களுக்குப் புதிய நிலம். இந்த மணலே தரையில் துளையிடும் குளவிகளுக்கு ஏற்ற இடம்.

தனிக் குளவி என்பது எது?

மரக்கிளையிலும் கூரையிலும் கூட்டமாகக் கூடுகட்டும் குளவிகள் வேறு. அவற்றின் கூட்டைக் கலைத்தால் திரண்டு வந்து கொட்டும், கவனம் தேவை. தனிக் குளவிக்கு ராணியும் இல்லை, வேலைக்காரரும் இல்லை. ஒவ்வொரு பெண் குளவியும் தானே கூடமைத்து, தானே இரை தேடுகிறது. கையால் பிடித்தால் அல்லது மிதித்தால் கொட்டலாம்; மற்றப்படி மனிதரை நாடுவதில்லை. ஆண் குளவிக்குக் கொடுக்கே கிடையாது.

எந்தக் குளவி எதைப் பிடிக்கும்?

மணலில் துளையிடும் சில இனங்கள் இலை தின்னும் புழுக்களைப் பிடிக்கின்றன. வேறு சில வெட்டுக்கிளி, சில்வண்டு வகைகளையும், இன்னும் சில ஈக்களையும் பிடிக்கின்றன. சுவரில் சிறு பானை போலக் கூடு செய்யும் குளவியும் புழுக்களையே அடைக்கிறது. அது முதலில் முட்டையை நூலிழை ஒன்றில் கூட்டின் உள்ளே தொங்கவிட்டு, பின்னரே இரையைக் கொண்டுவருகிறது. வீட்டுச் சுவரில் மண்கட்டி அப்பும் கறுப்பு மஞ்சள் குளவி சிலந்திகளைச் சேர்க்கிறது. 1781இல் இதற்கு அறிவியற் பெயர் இட்டவர் மதராஸ்பட்டணத்தின் பெயரையே சூட்டினார்.

புழு குளவியாக மாறுமா?

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகிவிடும் என்று நம் முன்னோர் சொன்னார்கள். கூட்டுக்குள் புழு போவதையும் பின்னர் குளவி வெளிவருவதையும் கண்டு அப்படி எண்ணினார்கள். நடப்பது வேறு. குளவியின் நஞ்சு புழுவின் நரம்புகளைச் செயலிழக்கச் செய்கிறது. புழு அசையாது, ஆனால் உடனே சாவதில்லை, அழுகுவதுமில்லை. அதன்மேல் இட்ட முட்டையிலிருந்து வரும் குஞ்சு அதைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, குளவியாக வெளிவருகிறது. வளர்ந்த குளவிக்குப் பெரும்பாலும் பூந்தேனே உணவு.

வீட்டை எப்படி அடையாளம் காணும்?

ஒல்லாந்து நாட்டு அறிஞர் நிக்கோ டின்பேர்கன், தேனீக்களைப் பிடிக்கும் குளவியொன்றின் வாசலைச் சுற்றிப் பைன்மரக் காய்களை வட்டமாக வைத்தார். அது பழகிக்கொண்டபின், வெளியே போயிருந்த நேரத்தில் வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். திரும்பிய குளவி தன் வாசலை விட்டுவிட்டுக் காய்களின் நடுவிலே தேடியது. சுற்றியுள்ள அடையாளங்களைப் பார்த்தே அது வழி அறிகிறது. ஆகவே கூட்டருகே மண்ணைப் புரட்டினால் தாய் தன் வாசலைத் தவறவிடக்கூடும்.

நாம் செய்யக்கூடியவை

குளவி மட்டும் எல்லாப் புழுவையும் ஒழித்துவிடாது. பயிருக்கு உதவும் சிலந்திகளையும் சில இனங்கள் பிடிக்கின்றன. ஆயினும் அது பிடிக்கும் ஒவ்வொரு புழுவும் உங்கள் செடியிலிருந்து குறைந்த புழுவே.

• தோட்ட ஓரத்தில் சிறு துண்டு வெறுமணலைக் கொத்தாமல் விடுங்கள்.
• வரப்பில் துளசி, கொத்தமல்லி போன்றவற்றைப் பூக்க விடுங்கள்.
• மருந்தடிக்குமுன் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். புழு குறைவானால் கையால் பொறுக்கி அழியுங்கள். மருந்து புழுவோடு குளவியையும் கொல்லும்.
• மணலில் விழுவது கிணற்றுக்கு இறங்கும். அந்தக் கிணற்று நீரையே பலர் குடிக்கிறோம். தேவையின்றி அடிக்கும் ஒவ்வொரு தாங்கி மருந்தும் பணத்துக்கும் உடலுக்கும் நட்டமே.
• கூட்டமாக வாழும் குளவிக்கும் தனிக் குளவிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள்.