சாவி கொடுத்த பாட்டியும் நான் நிறுத்திய மாத்திரையும்!

'சாவி' எந்த மொழிச் சொல்? "தமிழ்தான், இதிலென்ன சந்தேகம்?" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், போர்ச்சுகல் நாட்டின் தென்கோடியில் ஒரு தோட்டத்து வீட்டு வாசலில், எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் என் கையில் பெரிய இரும்புச் சாவியைத் திணித்து "ஷாவ்" என்று சொல்லும் வரை!

உள்ளே போனதும் ஜன்னலைக் காட்டி "ஜனெலா" என்றார். மேசையைத் தட்டி "மேஸா" என்றார். என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏங்க, நம்ம வீட்டுச் சாமான் பேரெல்லாம் இங்கேருந்துதான் வந்திருக்கு போல!"

உண்மைதான். கப்பலேறி வந்த போர்த்துக்கீசியர் நம்மிடம் விட்டுப்போன சொற்கள் இவை. நம் குழம்பில் கொதிக்கிற மிளகாயும் அவர்கள் மூலமாக வந்ததுதான்.

ஊர் சுற்றும் ஆசையில் நான் அங்கே போகவில்லை. போன வருடம் ஒரு நாள், மணி மூன்றரை. மதியச் சாப்பாடு சாப்பிடாமல் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை கிர்ரென்று சுற்றியது. ரத்த அழுத்தம் 170/110! 'நேரத்துக்குச் சாப்பிடுங்க, ஓய்வெடுங்க' என்று முப்பது வருடமாக ஊருக்கு உபதேசம் செய்தவன் நான். இதய நிபுணரான நண்பர் மாத்திரை எழுதித் தந்தார். ஆமாம், ஆங்கில மருந்துதான். மறைக்க என்ன இருக்கிறது?

லிஸ்பனில் வேலை பார்க்கும் என் மகள், "அப்பா, பேஷண்ட்டே இல்லாத ஊருக்கு ஒரு வாரம் கூட்டிட்டுப் போறேன்" என்று பிடிவாதம் பிடித்தாள். செப்டம்பரில் கிளம்பினோம்.

கடலுக்கும் மலைக்கும் நடுவே

அந்தப் பகுதியின் பெயர் அல்கார்வ். 'மேற்கு' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். சில நூற்றாண்டுகள் அரேபியர் ஆட்சியில் இருந்த மண் அது. கடற்கரையில் ஹோட்டல்களும் கூட்டமுமாக இருக்கிறது. அரை மணி நேரம் உள்ளே தள்ளி, சௌ பிராஸ் தெ அல்போர்தெல் என்ற சிற்றூர்ப் பக்கம் போனால் வேறு உலகம். செம்மண், அத்தி, பாதாம், ஆலிவ், மாதுளை. வேலியோரம் நம்ம ஊர் சப்பாத்திக்கள்ளி!

இவற்றோடு கரோப் என்றொரு மரம். காய் புளியங்காய் மாதிரி பழுப்பாக, இனிப்பாக இருக்கிறது. நீண்ட கழியால் அடித்து உதிர்க்கிறார்கள். காயை மாவாக்கி கேக் செய்கிறார்கள். கொட்டையிலிருந்து எடுக்கும் பசை ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்தப் பயன்படுகிறது.

மதியம் ஒரு மணி ஆனால் சின்னக் கடைகளை மூடிவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். முதல் நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாம் நாள் வெட்கமாக இருந்தது.

களையா, கீரையா?

மூன்றாம் நாள் காலை. பாட்டி காய்கறிப் பாத்தியில் குனிந்து எதையோ கிள்ளிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். சிவந்த தண்டு, சதைப்பற்றான குட்டி இலை... அடடா, நம் பருப்புக்கீரை! அங்கே 'பெல்துரோய்கா' என்கிறார்கள். பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து, முட்டையும் பாலாடைக்கட்டியும் போட்டு சூப் வைக்கிறார்கள். முட்டை போடாமல் எங்களுக்குத் தனியாக ஒரு சட்டி!

உடல் சூட்டையும் பித்தத்தையும் தணிக்கும் என்று சித்த மருத்துவம் சொல்லும் கீரை இது. ஆல்ஃபா லினோலெனிக் என்ற ஒமேகா-3 கொழுப்பு இதில் நிறைய இருப்பதாக இன்றைய ஆய்வுகளும் சொல்கின்றன. நாமோ களை என்று பிடுங்கி எறிகிறோம். ஒரே எச்சரிக்கை: ஆக்ஸாலிக் அமிலம் அதிகம் என்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

மறுநாள் கொத்தமல்லித் தழை, பூண்டு, உப்பு மூன்றையும் சின்ன உரலில் இடித்து, ஆலிவ் எண்ணெயும் கொதிநீரும் ஊற்றி, பழைய ரொட்டியை அதில் ஊறப்போட்டுக் கொடுத்தார் பாட்டி. நமக்குப் பழைய சோறு போல அவர்களுக்கு இது. என் மனைவியே உரலை வாங்கி இடிக்க ஆரம்பித்துவிட்டாள்!

நான் செய்த தப்பு

நல்ல காற்று, நல்ல சாப்பாடு, காலையும் மாலையும் நடை. தூக்கம் பிரமாதம். 'இனி எதற்கு மாத்திரை?' என்று தோன்றியது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். வைத்தியனுக்கே உரிய அகம்பாவம்!

மூன்று நாள் போனது. அதிகாலையில் பின்மண்டை கனத்தது. மகள் பக்கத்து ஊர் மருந்துக்கடைக்கு அழைத்துப் போனாள். அங்கே ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். 165/100. கடையிலிருந்த பெண் சொன்னதை மகள் மொழிபெயர்த்தாள். "விடுமுறை உங்களுக்குத்தானாம் அப்பா, உங்க ரத்தக்கொதிப்புக்கு இல்லையாம்!" அன்றே மாத்திரையைத் தொடர்ந்தேன்.

ஊர் திரும்புமுன் மோன்சிக் மலை வெந்நீர் ஊற்றைப் பார்த்தோம். சுமார் 32 டிகிரி சூடுள்ள காரநீர். உடல்நலம் குன்றிய இரண்டாம் ஜொவாவோ மன்னர் 1495-ல் இங்கே குளிக்க வந்தார். அதே அக்டோபரில், கடலோர ஊரான அல்வோரில் இறந்துபோனார். தண்ணீர் மேல் குற்றமில்லை. ஊற்று உடம்புக்கு இதம் தரும், ஆனால் எல்லா நோயையும் தீர்த்துவிடாது. என் கதையும் ஏறக்குறைய அதுதானே!

விடுமுறைக்குக் கிளம்புகிறீர்களா?

* மாத்திரைகளையும் மருந்துச் சீட்டையும் கைப்பையிலேயே வையுங்கள். எவ்வளவு நன்றாக இருந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

* நீண்ட விமானப் பயணத்தில் அவ்வப்போது எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். காலில் ரத்தம் உறையும் ஆபத்து குறையும்.

* சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வெந்நீர் ஊற்றில் இறங்கக்கூடாது.

* தெரிந்த செடி மாதிரி இருக்கிறதே என்று எதையும் வாயில் வைக்காதீர்கள். அல்கார்வ் ஓடைக்கரைகளில் அழகாகப் பூத்து நிற்பது நம் அரளி. முழுச் செடியும் விஷம்!

இப்போது என் கிளினிக் மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை மூடியிருக்கும். பகலில் தூங்குவதில்லை, அது சித்த மருத்துவ விதி. நிதானமாகச் சாப்பிட்டு, மனைவியுடன் பேசிக்கொண்டிருக்கிறேன். மொட்டை மாடித் தொட்டியில் பருப்புக்கீரை தழைத்திருக்கிறது.

மாத்திரையும் தொடர்கிறது!