புதிய காருக்கு என்ஜின் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும்? ஓடோமீட்டர் சொல்லாத கணக்கு

புது டெல்லி: புதிய கார் வாங்கி ஓராண்டு நிறைவடையும் வேளையில் சர்வீஸ் மையத்திலிருந்து குறுஞ்செய்தி வருகிறது. ஓடோமீட்டரைப் பார்த்தால் கார் 4,200 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. பயனர் கையேட்டிலோ ஆயில் மாற்றுவதற்கு 10,000 கிலோமீட்டர் என்று அச்சிடப்பட்டுள்ளது. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் என்ஜின் வீணாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சிந்தெடிக் ஆயில் என்றால் 15,000 வரை தாங்கும் என்கிறார் அலுவலக நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

சிறிய பெட்ரோல் காருக்குத் தேவைப்படுவது மூன்று முதல் நான்கு லிட்டர் ஆயில்தான். செலவும் சில ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது அரிது. ஆனால், அதைத் தள்ளிப்போட்டு என்ஜின் பழுதானால் செலவு லட்சத்தைத் தொடக்கூடும். உத்தரவாதக் கோரிக்கை நிராகரிக்கப்படவும் அது காரணமாகிவிடும். எனவே, இந்தக் கேள்விக்கான விடையை ஒருமுறை தெளிவாக அறிந்துகொள்வது நல்லது.

கையேட்டில் இருப்பது இரண்டு எண்கள்

இந்தியாவில் விற்பனையாகும் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதங்கள் என்பதே ஆயில் மாற்றும் கால அளவு. சில மாடல்களுக்கு இது 15,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதங்கள். இவ்விரண்டில் 'எது முன்னதாக வருகிறதோ அது' என்ற வரியும் உடன் இருக்கும். பலரும் கவனிக்காமல் விடுவது இந்த வரியைத்தான். 4,200 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய காராக இருந்தாலும், ஓராண்டு முடிந்துவிட்டால் ஆயிலை மாற்றியாக வேண்டும். மேற்கண்ட உதாரணத்தில் சர்வீஸ் மையம் அனுப்பிய செய்தி சரியானதே.

ஓடாத காரின் ஆயில் எப்படிக் கெடும் என்ற சந்தேகம் எழலாம். முற்றிலும் ஓடாத கார் என்பது அரிது. குறைவாக ஓடும் கார்கள் பெரும்பாலும் குறுகிய தூரம் ஓடுபவை. குழந்தையைப் பள்ளியில் விட்டுவரவும், காய்கறிச் சந்தைக்குச் செல்லவும் எடுக்கப்படும் கார் இரண்டு, மூன்று கிலோமீட்டரில் மீண்டும் அணைக்கப்பட்டுவிடும். என்ஜின் ஆயிலுக்கு இதைவிடக் கடினமான வேலை குறைவு.

ஆயிலுக்குள் என்ன நடக்கிறது?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. இதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். காலையில் சைலன்சரிலிருந்து நீர் சொட்டுவதைப் பலர் கண்டிருக்கலாம். ஆனால், பிஸ்டன் வளையங்களின் ஓரமாக நழுவும் எரிவாயுக்களுடன் சிறிதளவு நீராவி என்ஜினின் அடிப்பகுதிக்கும் செல்கிறது. முழுமையாக எரியாத பெட்ரோலும் சேர்ந்து இறங்குகிறது. குளிர்ந்த நிலையில் என்ஜின் இயங்கும்போது இது அதிகம்.

ஆயில் நன்றாகச் சூடாகிவிட்டால் இந்த ஈரமும் எரிபொருளும் ஆவியாகி, காற்றோட்ட அமைப்பின் வழியே மீண்டும் என்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துவிடும். பிரச்னை என்னவென்றால், டேஷ்போர்டில் வெப்பநிலை முள் இயல்பு நிலைக்கு வந்த பிறகும் ஆயில் முழுமையாகச் சூடாகியிருக்காது. அந்த முள் காட்டுவது குளிர்விப்பு நீரின் வெப்பத்தை. ஆயில் அதற்குப் பின்னால்தான் வரும். மூன்று கிலோமீட்டரில் அணைக்கப்படும் காரில் ஈரம் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகிறது. அது எரிதலில் உண்டாகும் அமிலங்களுடன் கலந்து, ஆயிலில் உள்ள காரத்தன்மை கொண்ட சேர்க்கைப் பொருட்களைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடுகிறது. அவை தீர்ந்த பின் துருவும் கசடும் உருவாகத் தொடங்கும்.

வெளியூர் செல்லாத மாதங்களில் வாரம் ஒருமுறை காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடும் பழக்கம் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உண்டு. நல்லெண்ணத்தில் செய்யப்படும் இந்தக் காரியம் ஆயிலுக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது. அதே காரை அரை மணி நேரம் சாலையில் ஓட்டிவருவது சிறந்தது.

நாட்டில் இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு 2025-ல் எட்டப்பட்டதையும் இங்கே கருத்தில் கொள்ள வேண்டும். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. குளிர்ந்த என்ஜினில் பெட்ரோலைவிடச் சிரமப்பட்டே ஆவியாகும். முறையாகச் சூடாகும் என்ஜினில் இதனால் பெரிய வேறுபாடு இருக்காது. குறுகிய தூரமே ஓடும் காருக்கு, 12 மாத எல்லையைத் தவறவிடாமல் இருப்பதற்கு இது கூடுதல் காரணம்.

ஒரே 10,000 கிலோமீட்டர், வெவ்வேறு உழைப்பு

ஓடோமீட்டர் அளப்பது சாலையைத்தான். என்ஜின் எத்தனை மணி நேரம் உழைத்தது என்பதை அது சொல்வதில்லை. டாம்டாம் நிறுவனத்தின் 2024-ம் ஆண்டு போக்குவரத்துக் குறியீட்டின்படி, கொல்கத்தாவிலும் பெங்களூருவிலும் 10 கிலோமீட்டரைக் கடக்க சராசரியாக 34 நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. அந்த வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓட ஒரு காருக்கு 560 மணி நேரத்துக்கு மேல் தேவை. தேசிய நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் அதே தூரத்தை 125 மணி நேரத்தில் முடித்துவிடும். இரு கார்களின் ஓடோமீட்டரும் ஒரே எண்ணைக் காட்டும். ஆனால், முதல் காரின் ஆயில் நான்கு மடங்குக்கும் அதிகமான நேரம் வெப்பத்தையும் உராய்வையும் தாங்கியிருக்கிறது. அதில் கணிசமான நேரம் சிக்னலில் நின்றபடி, எதிர்க்காற்றின் குளிர்ச்சியின்றிக் கழிந்தது.

கார் நிறுவனங்களுக்கு இது தெரியும். அதனால்தான் கையேட்டின் பின்பக்கங்களில் 'கடுமையான பயன்பாட்டு நிலைமைகள்' என்ற தனி அட்டவணை இடம்பெறுகிறது. அடிக்கடி குறுகிய தூரப் பயணம், நெரிசலில் நின்று நின்று செல்வது, புழுதி நிறைந்த சாலை, நீண்ட நேரம் என்ஜினை ஓடவிட்டு நிற்பது, அதிக பாரம் இழுப்பது ஆகியவை அதில் அடங்கும். இவற்றில் ஏதேனும் பொருந்தினால், ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்று அந்த அட்டவணை கூறும். பல கையேடுகளில் அது வழக்கமான அளவில் பாதி. இந்திய மாநகரங்களின் அன்றாடப் பயணமே ஏறக்குறைய இந்த விவரிப்புக்குள் வந்துவிடுகிறது என்பது வேடிக்கையான உண்மை. நிறுவனங்கள் அதை முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கலாம்.

5,000 கிலோமீட்டர் விதி எங்கிருந்து வந்தது?

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன 5,000 கிலோமீட்டர் பொய்யானது அல்ல, காலாவதியானது. சாதாரண கனிம ஆயிலும், கந்தகம் மிகுந்த எரிபொருளும் இருந்த காலத்தின் கணக்கு அது. பிஎஸ்-2 விதிகளின்படி எரிபொருளில் அனுமதிக்கப்பட்ட கந்தகம் பத்து லட்சத்தில் 500 பங்கு. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் அமலான பிஎஸ்-4 எரிபொருளில் அது 50 ஆனது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 எரிபொருளில் 10 மட்டுமே. கந்தகம் எரிந்தால் அமிலம். அமிலத்தை முறிப்பதிலேயே பழைய ஆயிலின் ஆயுள் கரைந்தது. அந்தச் சுமை இப்போது பெருமளவு குறைந்துவிட்டது. சிந்தெடிக் ஆயிலும் வெப்பத்தில் எளிதில் சிதைவதில்லை.

புதிய காரின் முதல் 1,000 கிலோமீட்டரிலேயே ஆயிலை மாற்றிவிட வேண்டும் என்ற அறிவுரையும் இதே வகையைச் சேர்ந்தது. புதிய என்ஜினின் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது நுண்ணிய உலோகத் துகள்கள் உதிர்வது உண்மை. பழைய என்ஜின்களில் அவை அதிகம். இன்றைய இயந்திரத் துல்லியத்தில் அவை குறைவு. இருப்பவற்றில் பெரும்பகுதியை ஆயில் ஃபில்டர் பிடித்துவிடும். பெரும்பாலான நிறுவனங்களின் முதல் இலவச சர்வீஸ் வெறும் பரிசோதனையாக மாறியதற்கு இதுவே காரணம். சொந்தப் பணத்தில் ஒருமுறை முன்கூட்டியே மாற்ற விரும்பினால் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால், அது மனநிறைவுக்கான செலவு என்பதை அறிந்தே செய்யலாம். ஆலையில் நிரப்பிய ஆயிலை முன்கூட்டியே வடிக்க வேண்டாம் என்று கையேடு குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

கெட்டியான ஆயில் நல்லதா?

இந்திய வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் ஏற்றது என்று சில மெக்கானிக்குகள் பரிந்துரைப்பதுண்டு. 5டபிள்யூ-30 என்ற குறியீட்டில் முதல் எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் அடர்த்தித் தன்மையையும் குறிக்கிறது. சிம்லாவிலும் சென்னையிலும் சூடான என்ஜினுக்குள் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றே. தெர்மோஸ்டாட் அதைக் கட்டுப்படுத்துகிறது. 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயிலுக்காக வடிவமைக்கப்பட்ட புதிய பெட்ரோல் என்ஜின்களில் இடைவெளிகள் மிக நுண்ணியவை. வால்வுகளின் நேரத்தை மாற்றும் அமைப்பும் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. அதில் கெட்டியான ஆயிலை ஊற்றினால் மைலேஜ் குறையும். உத்தரவாதச் சிக்கலும் வரலாம்.

டர்போ பெட்ரோல் என்ஜின் என்றால் ஏபிஐ எஸ்பி அல்லது கையேடு கூறும் அதற்கு மேற்பட்ட தரம் அவசியம். குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டனைச் சேதப்படுத்துவதைத் தடுக்கும் சோதனை அந்தத் தரத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. பிஎஸ்-6 டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைந்த தனி ஆயில் தேவை. வேறு ஆயில் ஊற்றினால் புகைக்கரி வடிகட்டி நாளடைவில் அடைத்துக்கொள்ளும்.

எப்படி முடிவு செய்வது?

ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடும் காருக்குக் கையேட்டின் கிலோமீட்டர் எண் போதுமானது. அதற்கு முன் மாற்றுவது வீண்செலவு. வாரத்தில் ஓரிரு முறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓடும், குறைந்த பயன்பாட்டுக் காருக்கு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் மாற்றினால் போதும். நாள்தோறும் மாநகர நெரிசலிலோ புழுதிச் சாலையிலோ ஓடும் கார் என்றால், கையேட்டின் கடுமையான பயன்பாட்டு அட்டவணையே உங்களுக்கானது. டர்போ என்ஜின் உள்ளவர்கள் இதில் தயங்கவே கூடாது. ஹைபிரிட் காரிலும் இந்த விதிகள் பொருந்தும். அடிக்கடி அணைந்து எரியும் அதன் என்ஜின் சூடாக இன்னும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும்.

எத்தகைய பயன்பாடாக இருந்தாலும், உத்தரவாதக் காலம் முடியும்வரை கையேட்டில் உள்ள இடைவெளியை நீட்டிக்க வேண்டாம். 'சிந்தெடிக் 15,000 வரை தாங்கும்' என்று நண்பர் சொன்னது ஆயிலைப் பொறுத்தவரை சரியாக இருக்கலாம். ஆனால், உத்தரவாதம் வழங்குவது ஆயில் நிறுவனமல்ல, கார் நிறுவனம். தேதியும் கிலோமீட்டரும் ஆயிலின் தரக்குறியீடும் பதிவான ரசீதுகளைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

ஆயில் கறுத்துவிட்டதே என்று மாற்ற ஓட வேண்டியதில்லை. கசடுகளைக் கரைத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும் ஆயில் கறுக்கத்தான் செய்யும். டீசல் காரில் புதிய ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். மாதம் ஒருமுறை சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, அளவுக் குச்சியை உருவிப் பார்ப்பதே பயனுள்ள சோதனை. ஆயில் இரண்டு குறிகளுக்கு இடையே இருக்க வேண்டும். கீழ்க்குறிக்கு அருகே இறங்கியிருந்தால் அதே தர ஆயிலை நிரப்பலாம். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் ஈரமோ குளிர்விப்பு நீரோ கலந்திருக்கக்கூடும் என்பதால் உடனே பரிசோதிக்க வேண்டும்.

டீசல் கார் உரிமையாளர்கள் மேல்குறியையும் கவனிப்பது நல்லது. கரி வடிகட்டியைச் சுத்தம் செய்ய என்ஜின் கூடுதல் டீசலைச் செலுத்தும்போது, நகர ஓட்டத்தில் அந்தச் செயல் பாதியில் நின்றுபோனால் டீசல் ஆயிலில் இறங்கிவிடும். குச்சியில் அளவு மேல்குறியைத் தாண்டி உயர்ந்திருந்தால், எத்தனை கிலோமீட்டர் மீதமிருந்தாலும் காரை சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நேரம் அது.